ஞானாம்பாள் வைத்த பத்தியம்

பத்தியம் வைப்பதில் ஞானாம்பாளை மிஞ்ச அந்த லைன் வீடுகளில் ஆள் கிடையாது. மஞ்சக்காமாலை, அம்மை, பிள்ளை பெற்ற உடம்பு, எதுவானாலும் மருந்தை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பத்தியத்துக்கு மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டாலும் வந்து சொல்லுவாள். அடுத்த வீட்டு மயிலாளுக்குக் காமாலை வந்தபோது, அவள் புருஷன் ஆசையாக வாங்கி வந்த பக்கோடாப் பொட்டலத்தைப் பிடுங்கிக் கோழிக்குப் போட்டவள் இவள்தான். மயிலாள் பிழைத்து எழுந்து அப்புறம் இரண்டு பிள்ளை பெற்றாள். மருந்து கொடுத்த வைத்தியர் பேர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை, பத்தியம் வைத்தவள் பேர்தான் நின்றது.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. அவளுக்குப் பதினாலு வயசிருக்கும்போது அண்ணன் சாமியப்பன் விஷக்காய்ச்சலில் இருபது நாள் கிடந்தான். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் பசிக்கிறது பசிக்கிறது என்று அழுதான். அம்மா மனசு கேட்காமல் சோறும் கறிக்குழம்பும் போட்டாள். மறுநாள் வயிறு உப்பியது, அதற்கு மறுநாள் ஆள் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவள் ஞானாம்பாள். அன்றிலிருந்து நோயாளி பசிக்கிறது என்றால் அவளுக்குக் குலை நடுங்கும்.

அப்படிப்பட்டவளின் புருஷனுக்கே கிட்னி இரண்டும் கெட்டுப்போயின.

நாச்சிமுத்து பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பிட்டர். ஊசி உடைந்தாலும் ஓட்டம் தடுமாறினாலும் அவன் வந்து காது வைத்துக் கேட்டால் போதும் என்பார்கள். நல்ல சாப்பாட்டுராமன். ஞாயிற்றுக்கிழமை குடல் குழம்பு இல்லாவிட்டால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று சண்டைக்கு வருவான். எழுபத்தாறாம் வருஷம் வைகாசியில் முகம் வீங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டத் தொடங்கியது. திருப்பூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உப்பு ஆகாது, பருப்பு ஆகாது, கறி முட்டை ஆகவே ஆகாது, தண்ணீர் அளந்துதான், இளநீரும் முருங்கைக்கீரையும் வாழைப்பழமும் கண்ணில் காட்டக்கூடாது என்றார். ஞானாம்பாளுக்குச் சொல்லவா வேண்டும்?

பெண் குழந்தைகள் இரண்டையும் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினாள். சுரைக்காயும் பீர்க்கங்காயும் நறுக்கி, கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேக வைத்தாள். உப்பு ஜாடி பரணுக்குப் போனது. தானும் உப்பில்லாமலே தின்றாள், அவன் ஒருவனை மட்டும் தண்டிக்கிற மாதிரி இருக்கக்கூடாதே என்று. உடுமலைப்பேட்டையிலிருந்து சுப்பண்ணன் என்கிற சிநேகிதன் ஒரு குலை இளநீரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான்.

"நோவுக்காரனுக்கு எளநி நல்லதாச்சேம்மிணி. தோட்டத்துல போட்டது."

"உங்க பிரியத்துக்குக் கும்புடறனுங்க. ஆனா அது அவருக்கு வெசமுங்க. நெஞ்சே நின்னு போயிருமாமா. எடுத்துட்டுப் போயிருங்க," என்று வாசலிலேயே திருப்பிவிட்டாள். சுப்பண்ணன் முகம் சுருங்கிப் போனான். அந்த விஷயத்தில் அவள் சொன்னது முழுக்கச் சரி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தியத்துக்கு அடங்குகிற நோயாக அது இல்லை. ஆடி மாசம் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வயிற்றில் குழாய் இறக்கி, பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, ஊற வைத்து, வெளியே எடுத்தார்கள். டயாலிசிஸ் என்றார்கள். இரண்டு நாள் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தரம் வந்தாக வேண்டும். இப்படியே காலம் தள்ள முடியாது, வேலூரில் வேறு கிட்னி வைக்கிறார்கள், கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். அருள்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்த நாச்சிமுத்துவின் தங்கச்சி சுப்பாத்தாள் ஒரே வார்த்தையில், "நான் குடுக்கறனுங்க," என்றாள். அவள் புருஷனும் மறுக்கவில்லை. ரத்தம் ஒத்துப்போனது. தை மாசத்துக்கு நாள் சொன்னார்கள். அதுவரை ஆளைத் தேற்றி வைத்திருப்பது வீட்டுக்காரி பொறுப்பு.

அன்றைக்குத்தான் டாக்டர் அந்தக் குண்டைப் போட்டார்.

"அம்மா, இனி சாப்பாடு மாத்தணும். இந்தத் தண்ணி வெளிய வாரப்ப அழுக்கோட சத்தும் சேர்ந்து போயிருது. அத ஈடு கட்டணும். தெனம் மூணு முட்டை, மஞ்சக்கருவ எடுத்துட்டு வெள்ளைக்கரு மட்டும். கோழிக்கறி கொஞ்சம் குடுக்கலாம். உப்பு, தண்ணி, பழம், அதெல்லாம் பழையபடி. ஆனா பட்டினி போடக்கூடாது. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான் வேலூர்ல கத்தி வெப்பாங்க."

ஞானாம்பாள் தலையை ஆட்டினாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் மனசு குடைய ஆரம்பித்தது. போன மாசம் விஷமாக இருந்தது இந்த மாசம் மருந்தாகுமா? நோய் அதேதானே, ஆளும் அதே ஆள்தானே? அதுவும் முட்டை! பத்தியத்தில் முதலில் விலக்குகிற பண்டமே முட்டைதான். இங்கிலீஷ் படிப்புப் படித்தவர்களுக்கு என்ன, மாத்தி மாத்திச் சொல்லுவார்கள், புருஷனைப் பறிகொடுப்பது யார்?

இருந்தாலும் டாக்டர் சொல்லைத் தட்டக்கூடாது என்று மறுநாள் மூன்று முட்டையை அவித்துக் கொடுத்தாள். நாச்சிமுத்து மூன்றையும் ஒரு நிமிஷத்தில் தின்றான். சாயங்காலம் வாந்தி எடுத்தான். அந்த நோயில் வாந்தி எடுக்காத நாள்தான் அதிசயம், முந்தின வாரம் வெறும் கஞ்சிக்குக்கூட எடுத்திருந்தான். ஞானாம்பாளுக்கு அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. முட்டை அன்றோடு நின்றது.

அடுத்த தரம் போனபோது சின்ன டாக்டர் ஒருவர் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"முட்டை குடுக்கறீங்களாம்மா?"

"குடுக்கறனுங்க."

"மூணும்?"

"மூணுமுங்க."

கட்டிலில் படுத்திருந்த நாச்சிமுத்து அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வழியெல்லாம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

பொய் சொன்னோமே என்று உறுத்தாமல் இல்லை. அதனால் தன் பத்தியம் சரிதான் என்று தனக்கே நிரூபிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞானாம்பாள் அதே கம்பெனியில் நூலைக் கோனில் சுற்றுகிறவள். அங்கே நூல் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் நாச்சிமுத்துவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அதில் நிற்க வைத்தாள். ஆவணியில் நாற்பத்தொன்பது கிலோ. புரட்டாசியில் ஐம்பது. ஐப்பசியில் ஐம்பத்திரண்டு. கார்த்திகை பாதியில் ஐம்பத்து மூன்றரை. மெஷின் ஓட்டுகிற கன்னையன்தான் படிக்கல் வைப்பான். "அண்ணன் தேறீட்டாப்புல!" என்று அவன் சத்தம் போட, ஞானாம்பாளுக்கு உச்சி குளிர்ந்தது. மூணு முட்டையாம், வெள்ளைக்கருவாம். உப்பில்லாத கஞ்சியும் வடித்துக் கொட்டின சுரைக்காயும் நாலரைக் கிலோ ஏற்றியிருக்கிறது, இதற்கு என்ன சொல்லுவாராம் அந்த டாக்டர்? மயிலாளிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நாச்சிமுத்து ஒன்றும் சொல்லமாட்டான். கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்குவான். அதைப் பார்த்து, பரவாயில்லை வாய்க்குப் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். பேச்சு குறைந்து போயிருந்தது. கன்னம் ஒட்டி, தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நோய் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகைக் கடைசியில் வேலூருக்குக் காகிதம் எழுதுவதற்காகப் பெரிய டாக்டர் தாமே வந்து முழுசாகப் பரிசோதித்தார். நடுவில் வந்த தரமெல்லாம் சின்ன டாக்டர்கள் ஆளுக்கொருவராக வந்து, குழாய் போட்டு எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுப்பாத்தாளும் வந்திருந்தாள், அவளுக்கும் ஏதோ டெஸ்ட் பாக்கி. ஞானாம்பாள் டாக்டர் கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டாள்.

"அம்பத்தி மூணரைக் கிலோ வந்துட்டாருங்க. கம்பெனித் தராசுல நிறுத்தனுங்க."

டாக்டர் நாச்சிமுத்துவின் காலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி, எடுத்தார். விரல் போன இடத்தில் குழி அப்படியே நின்றது. தொடையில் அழுத்தினார், அங்கேயும் குழி. இடுப்பில் அழுத்தினார்.

"இது சதை இல்லீங்கம்மா. பூராத் தண்ணி."

ஞானாம்பாளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நூல் வியாபாரிகள் எடை காட்டுவதற்காக மூட்டையில் ஈரம் ஏற்றி அனுப்புவார்கள். புது மூட்டை வந்தால் முதலாளி அவளைத்தான் கூப்பிட்டு ஒரு கோனைக் கையில் கொடுப்பார். தராசு என்ன சொன்னாலும் சரி, அவள் கையில் வாங்கி ஒரு அழுத்து அழுத்தி, "ஈரமுங்க, திருப்பி அனுப்பீருங்க," என்றால் அது ஈரம்தான். ஊரான் நூலில் அவ்வளவு கெட்டிக்காரி, சொந்தப் புருஷனைத் தராசில் ஏற்றி வைத்துக் கன்னையனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு நாள் குழாய் வைத்து நீரை இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் நிறுத்தபோது நாற்பத்தாறு. இன்னும் காலில் நீர் மிச்சம் இருந்தது. நீர் முழுக்க வடிந்தால் ஆள் நாற்பதுகூடத் தேறமாட்டான் என்றார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். சுப்பாத்தாள் அண்ணனைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

டாக்டர் கேஸ் சீட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். அப்புறம் சுப்பாத்தாளைப் பார்த்துச் சொன்னார்.

"தெனம் மூணு முட்டை போயிருக்குது, நாலு மாசம். அப்படியும் ஒடம்புல ஒட்டல. அப்படீன்னா இது சாப்பாட்டுக் கோளாறு இல்ல, உள்ள வேற என்னமோ ஆளை அரிக்குது. டி.பி.யா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். இந்த நெலமைல உங்க கிட்னிய எடுத்து வெச்சா அதும் வீணாப் போயிரும். வேண்டாம்னு நான் வேலூருக்கு எழுதப் போறேன்."

ஞானாம்பாள் சொன்ன ஒரு வார்த்தை, மூணுமுங்க என்று சொன்ன வார்த்தை, காகிதத்தில் ஏறி இப்போது அவள் புருஷனைக் கொல்லப் போகிறது. இதோ வாயைத் திறந்தால் போதும். எப்படித் திறப்பது? கிட்னியைக் கொடுக்க வந்து நிற்கிற நாத்தனார் முன்னால், உன் அண்ணனை நான்தான் பட்டினி போட்டேன் என்று எந்த வாயால் சொல்லுவது? ஊரே பத்தியம் கேட்க வருகிற வாய் அது.

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாச்சிமுத்து பேசினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"டாக்டருங்க, தப்பு என்ற மேலதானுங்க. அவ குடுத்தாளுங்க. நான்தான் அவ அக்கட்டால போனதும் துப்பீருவனுங்க. எனக்குப் புடிக்கலீங்க."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "புடிக்கலையா? இங்க நாங்கெல்லாம் வெளையாடறமா? வேலூர்ல ஆபரேசன் பண்ணுனா ஆயுசு பூரா தெனம் மாத்திரை முழுங்கோணும். ஒருநாள் துப்புனாலும் வெச்ச கிட்னி போயிரும். முட்டையவே துப்பற ஆளு மாத்திரைய முழுங்குவான்னு நான் எப்படி எழுதிக் குடுக்கறது? உங்க மாதிரி ஆளுக்கு ஆபரேசனே கூடாது."

"ஏண்ணா!" சுப்பாத்தாள் திரும்பினாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நான் என்ற புள்ளைங்கள உட்டுட்டு வயித்தக் கிழிச்சுக் குடுக்கறேன்னு வந்து நிக்கறேன், நீ துப்புனியாக்கும்? பொழைக்கோணும்னு நெனப்பே இல்லையா உனக்கு?"

நாச்சிமுத்து போர்வையை இழுத்து நெஞ்சு வரைக்கும் மூடிக்கொண்டான். தங்கச்சி திட்டுவதை வாங்கிக்கொண்டு கிடந்தான்.

ஞானாம்பாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவரு பொய் சொல்றாருங்க," என்றாள். "துப்பலீங்க. நான் முட்டையே குடுக்கலீங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நாளும்?"

"ஒரே ஒரு நாளுங்க. வாந்தி எடுத்தாரு, பயந்துட்டனுங்க."

"பின்ன என்னதாம்மா குடுத்தீங்க?"

அவள் ஒப்பித்தாள். காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, இரண்டு தரம் வடித்த சுரைக்காய். சாயங்காலம் ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தபின் மறுபடி கஞ்சி. பால் கபம் என்று பால் இல்லை. பருப்பு இல்லை. ஏகாதசி, கிருத்திகைக்குக் கஞ்சி மட்டும், சாமிக்கும் ஆச்சு உடம்புக்கும் ஆச்சு என்று. லைன் வீட்டில் எத்தனையோ பேருக்கு வாய் ஓயாமல் பெருமையாகச் சொல்லிய அதே வரிசை. இங்கே சொல்லச் சொல்ல அவளுக்கே அது எவ்வளவு கொஞ்சம் என்று உறைத்தது.

"நங்கையா," என்றாள் சுப்பாத்தாள், அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவாள். விறுக்கென்று திரும்பினாள். வெளியே போய்விட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஞானாம்பாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேஸ் சீட்டில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"தைக்கு முடியாது. பங்குனி வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள இவர் தேறுவாரான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. நடுவுல ஒரு காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்கற ஒடம்பு இல்ல இது. இன்னிக்கிருந்து இங்கயே இருக்கட்டும். வார்டுச் சாப்பாடுதான். ஊட்டுச் சாப்பாடு ஒண்ணும் வரக்கூடாது."

கடைசி வார்த்தையை அவர் அவளைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் ஒரு தட்டில் அவித்த முட்டை மூன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போடப் போனாள். ஞானாம்பாள் நாச்சிமுத்துவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, தானே ஓட்டை உரித்தாள். மஞ்சள் கருவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கி வாயில் போட்டான். மென்றானா என்றுகூடத் தெரியவில்லை. கை மறுபடி நீண்டது.

"பசின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்கள்ல?" அவள் கேட்டாள். "டாக்டரே குடுக்கச் சொன்னாரு, ஏன்டி குடுக்கலைன்னு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமுங்கள்ல?"

"கேட்டா நீ குடுத்திருவ ஞானா," என்றான் அவன். "குடுத்துப்போட்டு, எனக்கு என்னமோ ஆயிரும்னு என்ற மூஞ்சியவே பார்த்துட்டு உக்காந்திருப்ப. அன்னைக்கு நான் வாந்தி எடுத்தப்ப நீ நடுங்குன நடுக்கத்தப் பார்த்தேன். அதுக்குப் பசியே தேவலாம்னு இருந்துச்சு. மொதல்ல கொஞ்ச நாளைக்குத்தான் கஷ்டம்."

மூன்றாவது முட்டையை அவள் உரிக்கும்போது வெள்ளைக்கரு இரண்டாகப் பிய்ந்து, ஒரு துண்டு கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தது. போகட்டும் என்று அவள் மிச்சத்தை எடுத்து நீட்டினாள். அதற்குள் நாச்சிமுத்து ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுக் கட்டு வலிக்க வலிக்கக் கீழே குனிந்து அந்தத் துண்டைத் தேடி எடுத்துவிட்டான். அதில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். அவள் கையிலிருந்ததையும் வாங்கித் தின்றான்.

சிஸ்டர் ஊசியை முடித்துவிட்டுத் தட்டை எடுக்க வந்தாள். நாச்சிமுத்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தாறு வயசு ஆம்பளை, ஒரு காலத்தில் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவனை ஓட ஓட விரட்டினவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நாளைக்கும் குடுப்பீங்களா சிஸ்டர்?"

ஞானாம்பாள் அவன் பக்கத்திலேயே, கையில் முட்டை ஓட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைக் கேட்கவில்லை.